தப்பினவர்களின் நன்றி



காலைப் பூசை முடிந்து, பூசை ஆடைகளைக் களையும் வேளையில் குருவானவரைத் தேடி வருவோர் இரு வகையினர். ஒருவர், "சுவாமி, போன கிழமை மகன் வந்த பஸ் வாய்க்காலுக்குள் சரிந்தது, பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்க வேண்டும்" என்பார். அவருக்குப் பின்னால் கையில் சிறு துண்டுக் காகிதத்துடன் இன்னொருவர் நிற்பார். அதில் ஒரு பெயரும் ஒரு திகதியும் மட்டும் எழுதியிருக்கும். ஆண்டு நினைவுப் பூசை கேட்டு வந்தவர் அவர். முன்னால் நிற்பவர் "ஆண்டவருடைய கண் எங்கள் மேல் இருந்தது" என்று மகிழ்ந்து சொல்லும்போது, அது பின்னால் நிற்பவரின் செவியிலும் விழுகிறது. அவர் வீட்டுப் பிள்ளையும் அதே போன்றதொரு பஸ்ஸில் போனதுதான்.

நன்றி சொல்வது நல்ல பழக்கம். குணமடைந்த பத்துக் குட்டரோகிகளில் ஒருவன் மட்டுமே திரும்பி வந்தான் என்று ஆண்டவர் வருந்தினார் அல்லவா? ஆதலால் நன்றிப் பூசை கேட்டு வருவோரை நான் ஒருபோதும் தடுப்பதில்லை. ஆயினும் அந்த நன்றிக்குள்ளே சில வேளைகளில் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. தப்பியவன் கடவுளுக்கு வேண்டியவன். அப்படியானால் மாண்டவன் யார்? இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் கேட்டுவிடுகிறது.

சீலோவாம் என்னுமிடத்தில் கோபுரமொன்று வீழ்ந்து 18 பேர் மாண்ட செய்தியை நமதாண்டவரே எடுத்துப் பேசியதாகப் புனித லூக்காஸ் தம் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். மாண்டவர்கள் எருசலேம்வாசிகள் எல்லாரிலும் பெரிய குற்றவாளிகளோ என்று ஆண்டவர் கேட்டு, இல்லவே இல்லை என்று தாமே விடையும் சொல்லிவிட்டார். பிறகு பேச்சை மாண்டவர்களிடமிருந்து எடுத்து, நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பினார். மனந்திரும்ப வேண்டியவர்கள் நீங்களே என்றார். கோபுரம் அவர்கள் மேல் விழவில்லை. ஆனால் ஆண்டவருடைய வார்த்தை அவர்கள் மேல் விழுந்தது.

இந்த வேதப்பகுதியை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அது எங்கள் குடும்பத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பாக வந்தது 2011ஆம் ஆண்டிலே.

என் கடைசித் தங்கை தன் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள கிறைஸ்ற்சேர்ச் நகரில் குடியிருந்தாள். கிறிஸ்துவின் கோவில் என்பதே அந்நகரின் பெயர். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. வன்னியில் சில காலம், கொழும்பில் சில காலம், பிறகு கலியாணம், பிறகு கடல் கடந்த பயணம். "அண்ணா, இங்கே இரவில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிக்கே முதலில் பயமாயிருந்தது" என்று ஒருமுறை எழுதியிருந்தாள்.

அந்த அமைதி 2010ஆம் ஆண்டு புரட்டாதி 4ஆம் திகதி சனிக்கிழமை அதிகாலை 4.35 மணிக்குக் கலைந்தது. நகருக்கு மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில் 7.1 அளவிலான பூமியதிர்ச்சி. வீடுகள் வெடித்தன, புகைபோக்கிகள் சரிந்தன, வயல்வெளியின் குறுக்கே நிலம் கிழிந்து வேலிகளும் வீதிகளும் விலகி நின்றன. இடிபாட்டில் ஒருவரும் மாளவில்லை. கடைத்தெருவில் உதிர்ந்த செங்கற்களின் கீழே நடமாட ஆளில்லாத நேரம் அது. நகர் முழுவதும் அற்புதம் என்று பேசிக்கொண்டது. தங்கையும் நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னாள். ஒப்புக்கொடுத்தேன்.

அதற்கடுத்த மாசி மாதம் 22ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. திருச்சபையின் நாட்காட்டியில் அது புனித இராயப்பரின் தலைமைப்பீடத் திருநாள். பாறையின்மேல் திருச்சபையைக் கட்டுவேன் என்று ஆண்டவர் வாக்களித்த சுவிசேஷம் வாசிக்கப்படும் நாள். அங்கே பகல் 12.51 மணி, நமக்கு அதிகாலை 5.21. இம்முறை அளவு 6.2 மாத்திரமே. பூமிக்குள் மலையளவு பாறை விலகினாலும் ஆழமும் தூரமும் இருந்தால் மனிதர் பிழைத்துக்கொள்வர். இதுவோ நகரின் நடுவிலிருந்து 10 கிலோமீற்றருக்குள், ஏறக்குறைய 5 கிலோமீற்றர் ஆழத்தில், கடைகளும் அலுவலகங்களும் நிறைந்திருந்த மதிய வேளையில் வந்தது. 185 பேர் மாண்டனர்.

மூத்தவளுக்கு அன்று காய்ச்சல். ஒன்பது வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படுத்திருந்தாள். சின்னவன் குசினித் தரையில் விளையாடிக்கொண்டிருந்தான். முதலில் லொறி ஒன்று வீட்டுக்குள் வருவது போன்ற இரைச்சல். அடுத்த கணம் அலுமாரிக் கதவுகள் திறந்து கோப்பைகள் எல்லாம் ஒன்றாய்க் கொட்டின. தங்கை சின்னவனை வாரியெடுத்துக்கொண்டு வெளிக்கதவை நோக்கி ஓடினாள். அது நம்மவர்களின் உடம்புக்குத் தெரிந்த பாடம். விமானம் வந்தால் வீட்டைவிட்டு ஓடி வளவிலுள்ள பங்கருக்குள் குதிக்க வேண்டும். கூரைக்குக் கீழே நின்றால் சாவு. அவள் சிறுவயதில் படித்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

"அம்மா, வெளியில போகாதேங்கோ! மேசைக்குக் கீழ வாங்கோ!" என்று மூத்தவள் கத்தினாள். அந்நாட்டுப் பள்ளிகளில் சின்னஞ்சிறுசுகளுக்கும் இதைப் பழக்குகிறார்கள். கீழே குனி, மேசைக்குள் புகு, அதன் காலைப் பிடித்துக்கொள், ஆமையைப் போல் தலையையும் கழுத்தையும் காத்துக்கொள். தாய் திரும்பினாள். மூவரும் மேசைக்குக் கீழே. அதே வேளையில் கூரைமேலிருந்த செங்கல் புகைபோக்கி முறிந்து, வெளிக்கதவின் முன்படிகளில் குவியலாய் விழுந்தது.

பெற்றோர்களே, நமது பிள்ளைகள் வேறு நாட்டில் வேறு பாடம் படிக்கிறார்கள் என்று நாம் குறைப்படுவதுண்டு. தமிழ் குறைகிறது, செபமாலை குறைகிறது என்று கவலைப்படுவதிலும் நியாயம் உண்டு. ஆயினும் பெற்றவளுக்குப் பிள்ளை உயிர்ப்பாடம் சொல்லிக்கொடுத்த அந்த மேசையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் வேலை செய்தது நகரின் நடுவில். அந்நகரின் பிரதான வீதிக்குப் பெயர் கொழும்பு வீதி. ஆங்கிலிக்கன் மேற்றிராசனங்களின் பெயர்களை வீதிகளுக்கு வைத்த காலத்தில், இலங்கையிலிருந்த கொழும்பு மேற்றிராசனத்தின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் கொழும்பு வீதியிலே பழைய செங்கற் சுவர்கள் சரிந்து, ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேலும் நடந்து போனோர் மேலும் விழுந்தன. யாழ்ப்பாணத்தில் வானொலிச் செய்தியை அரைகுறையாகக் கேட்ட அம்மா, "தம்பி, கொழும்பிலும் ஏதோ நடந்ததாமே" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல வெகுநேரம் பிடித்தது. விளங்கிய பிறகு பயம் இரட்டித்தது. தொலைபேசி எடுபடவில்லை. அந்த மணித்தியாலங்களை விவரிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார் இதை வாசிக்கும்போதே அறிவார்கள்.

மச்சான் பாலங்கள் வெடித்த, வாகனங்கள் அசையாத பாதைகளினூடாக நடந்தே வீடு வந்தார். நகரின் கிழக்குப் பகுதி ஆற்றோரத்து மணல் நிலம். பூமி குலுங்கும்போது அப்படிப்பட்ட நிலத்தடி மணலும் தண்ணீரும் ஒன்றாய்க் கலந்து கூழாகி, வெடிப்புகளின் வழியே மேலே பொங்கும். முழங்கால் வரை சாம்பல் நிறச் சேறு அப்பியபடி அவர் வாசலுக்கு வந்து, செங்கற் குவியலைக் கண்டு, உள்ளே நுழையாமல் வெளியிலே நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மூன்று பெயருக்கும் பதில் வந்தபின்தான் அவரால் கால் எடுத்து வைக்க முடிந்தது.

அன்றிரவு வெளிச்சமில்லை, குழாயில் நீரில்லை. சற்றைக்கொருமுறை பின்னதிர்வுகள். ஒரே பாயில் நால்வரும் படுத்துச் செபமாலை சொன்னார்கள். சின்னவன் கேட்டானாம்: "அம்மா, கடவுளா ஆட்டுறார்?" தாய் பதில் சொல்லவில்லை, அடுத்த அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினாள். பிறகு கட்டிலுக்குக் கீழே சப்பாத்து, வாசலருகே தண்ணீரும் கைவிளக்கும் பத்திரங்களும் வைத்த பை என்று அந்நாட்டு அரசாங்கம் சொன்னபடி ஆயத்தம் செய்தார்கள். கண்ணாடி உடைந்து கிடக்கும் தரையில் இருட்டில் கால் வைக்கக்கூடாது என்பதற்காகச் சப்பாத்து. "பையைக் கட்டி வாசலில் வைக்கிற வாழ்க்கை முடிந்ததென்று நினைச்சன் மச்சான்" என்று அவர் எனக்குச் சொன்னபோது சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அடுத்த வீட்டில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தனியே வாழ்ந்தார். தங்கையின் பிள்ளைகளுக்கு அப்பிள் பழம் கொடுப்பவர். பூமியதிர்ந்த நாலாம் நாள் வேலியருகே அவரைக் கண்டு, தங்கை புகைபோக்கி விழுந்த கதையைச் சொல்லி, "கடவுள் எங்களைக் காப்பாற்றினார்" என்றாள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பின்பு, கோபமில்லாத குரலிலே, "என் மகள் நகருக்கு வேலைக்குப் போனாள். இன்னும் வரவில்லை. அவளை உன் கடவுளுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

அன்று தங்கை தொலைபேசியில் அழுதாள். மேசைக்குக் கீழே இருந்தபோதும் அழாதவள் அவள். "அண்ணா, நான் பொய் சொல்லேல்லை. உண்மையிலே அவர்தானே காப்பாற்றினார்? அப்ப அந்த மனுசிக்கு நான் என்ன சொல்ல?"

பிரியமானவர்களே, இந்தக் கேள்வி அந்தத் தங்கைக்கு மட்டும் உரியதா? 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாளன்று, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் விலகி எழுந்த அலை நமது கரைகளை அடித்தபோது, ஒரு கையில் இருந்த பிள்ளை தப்பியது, மறுகையில் இருந்த பிள்ளை போயிற்று. அந்தத் தாய்க்கு முன் நின்று, தப்பிய குடும்பம் எப்படி நன்றி சொல்லும்? 2009 வைகாசிக்குப் பிறகு நம்முடைய பங்குகளில் நன்றிப் பூசையும் நினைவுப் பூசையும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே கையெழுத்தில் வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

சுலபமான விடைகள் பல உண்டு. அவற்றுள் மிக மோசமானது தண்டனை என்ற விடை. 1755ஆம் ஆண்டு கார்த்திகை முதலாம் திகதி, சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாள் காலையில், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகர் குலுங்கிற்று. மக்கள் கோவில்களை நிறைத்துப் பூசை கண்டுகொண்டிருந்த நேரம். கோவில் கூரைகள் அவர்கள் மேலேயே விழுந்தன. அப்போதும் சில பிரசங்கிகள் இது நகரின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று முழங்கினார்கள். பாவத்தைத் தண்டிப்பதானால் பூசைக்கு வந்தவனையா முதலில் தேடுவது? கிறைஸ்ற்சேர்ச்சிலும் மெதடிஸ்த ஆலயமொன்றில், முந்திய அதிர்ச்சியால் பழுதுபட்ட கட்டடத்திலிருந்து இசைக்கருவியைக் கழற்றிப் பாதுகாக்க முயன்ற மூவர் இடிபாட்டில் மாண்டனர். அதே நகரில் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் உச்சிக் கோபுரம் சரிந்தபோது, அதற்குள் பலர் அகப்பட்டிருப்பர் என அஞ்சித் தேடினார்கள். ஒருவரும் அங்கே இல்லை. இவற்றை எந்தக் கணக்கேட்டில் எழுதிச் சரிபார்ப்பீர்கள்? ஊரில் சிலர், "பிறந்த மண்ணை விட்டுக் காசுக்காகப் போனால் இப்படித்தான்" என்று எங்கள் அம்மாவின் காதுபடவே சொன்னார்கள். அவர்களுக்கு நான் சொன்னது சீலோவாம் கோபுரத்தின் கதை. அதற்குமேல் சொல்லியிருக்கலாம், குருத்துவ நிலை தடுத்தது.

மனிதன் செய்த பிழையைக் கடவுளின் தலையில் ஏற்றுவது இன்னொரு சுலபமான விடை. மாண்ட 185 பேரில் 115 பேர் ஒரே கட்டடத்தில் மாண்டார்கள். ஆறு மாடிக் கட்டடம். யப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்று பல தேசங்களிலிருந்து ஆங்கிலம் படிக்க வந்த இளைஞர்களும் அதற்குள் இருந்தார்கள். தாதியர் வேலை கிடைக்கும், வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று வந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நமது பிள்ளைகளைப் போன்றவர்கள். அரச விசாரணை ஆணைக்குழு ஆராய்ந்து, அக்கட்டடத்தின் வரைபடமே குறைபாடுடையது, அதற்கு அனுமதி கொடுத்திருக்கக்கூடாது என்று 2012இல் அறிவித்தது. நிலம் அதிர்வது இயற்கை. பலமற்ற தூணை நாட்டியது மனிதக் கை. இதைத் தேவ சித்தம் என்று சொல்லித் தலைகுனிந்து போவது பக்தியாகாது. அடுத்த கட்டடத்தையும் அப்படியே கட்டுவதற்கு அது இடம் கொடுக்கும்.

அப்படியானால் நிலம் ஏன் அதிர வேண்டும்? அத்தேசம் பசிபிக் தட்டும் அவுஸ்திரேலியத் தட்டும் ஒன்றையொன்று நெருக்கும் எல்லையில் கிடக்கிறது. அந்த நெருக்குதலே தென்தீவின் பனிமலைகளைத் தூக்கி நிறுத்தியது. அம்மலைகள் தடுத்த மேகம் மழையாகி, ஆறாகி, ஆறு கொண்டுவந்து பரப்பிய வண்டலிலேதான் கிறைஸ்ற்சேர்ச் நகரும் அதன் தோட்டங்களும் அமைந்தன. சோறு போட்ட நிலமும் குலுங்கிய நிலமும் ஒன்றே. சர்வேசுரன் உலகத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்து, அதன்படி அதை இயங்க விட்டிருக்கிறார் என்று மட்டும் நான் சொல்லத் துணிவேன். இது அந்த மூதாட்டிக்கு ஆறுதலாகுமா என்றால், ஆகாது. மகளை இழந்தவளுக்குப் பூகோள பாடம் எதற்கு? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாயிருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபின்தான் கெட்டுப்போனார்கள்.

தங்கைக்கு நான் சொன்னது இரண்டு வேதப்பகுதிகள். ஒன்று எலியாஸ் தீர்க்கதரிசியுடையது. ஓரேபு மலையில் பெருங்காற்று வீசியது, பூமி அதிர்ந்தது, நெருப்பு வந்தது; இவை ஒன்றிலும் ஆண்டவர் இருக்கவில்லை என்று அரசர் ஆகமம் கூறுகிறது. பின்பு வந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டே அவர் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலுக்கு வந்தார். சின்னவனுடைய கேள்விக்கு இதிலே விடை இருக்கிறது. "கடவுள் ஆட்டவில்லை மகன். ஆட்டம் நின்றபின் யார் யார் எங்கள் வாசலுக்கு வந்தார்கள் என்று நினைத்துப் பார்" என்று தாய் அவனுக்குச் சொல்லலாம். வந்தவர்கள் பலர். பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எடுத்து வந்து, முன்பின் அறியாத வீடுகளின் சேற்றை அள்ளிக் கொட்டினார்கள். தங்கையின் முற்றத்தையும் அவர்களே துப்புரவாக்கினார்கள். யாருடைய வீடு, எந்த நாட்டவர், எந்த வேதம் என்று ஒருவனும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்க அவளிடம் தண்ணீர் இல்லை. அவர்களே தண்ணீரும் கொண்டுவந்திருந்தார்கள்.

மற்றது அப்போஸ்தலர் பணி நூலின் 16ஆம் அதிகாரம். பிலிப்பி நகரில் அடிபட்டு, காலில் விலங்கோடு சிறையிலிருந்த புனித சின்னப்பரும் சீலாவும் நள்ளிரவில் செபித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்தது. கதவுகள் திறந்தன, விலங்குகள் கழன்றன. நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? ஆண்டவர் எனக்காகவே கதவைத் திறந்தார் என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே ஓடியிருப்போம். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்றெண்ணிச் சிறைக்காவலன் தன் வாளை உருவித் தன் உயிரை மாய்க்கப் போனான். தங்களுக்குத் திறந்த அந்தக் கதவு அவனுக்குச் சாவு என்று சின்னப்பர் கண்டுகொண்டார். ஓடவில்லை. தாங்கள் யாவரும் அங்கேயே இருப்பதாக இருட்டுக்குள் உரத்துக் கூவினார். அதன் பிறகு அந்த இரவிலேயே காவலன் அவர்களது காயங்களைக் கழுவினான். தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றான். தன் வீட்டில் பந்தி வைத்தான்.

சின்னப்பர் நன்றி சொன்ன விதம் எது என்று தங்கையைக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "ஓடாமல் நின்றதுதான் அண்ணா" என்றாள்.

அன்று மாலை அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். விளக்கம் ஒன்றும் கொண்டு போகவில்லை. முற்றத்தில் விறகு மூட்டிக் காய்ச்சிய கஞ்சியைக் கொண்டு போனாள். அந்த மூதாட்டி அதைக் குடித்தாரோ தெரியாது. இருவரும் இருட்டும்வரை ஒன்றாயிருந்தார்கள். மகளின் உடல் அடையாளம் காணப்பட்டு அடக்கம் செய்யும்வரை தினமும் போனாள். அடக்கத்தன்று என் மச்சானும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். வீட்டுச் செபமாலையில் அதுவரை நன்றிக்கென்று மகிமைத் தேவ இரகசியங்களைச் சொன்னவர்கள், அந்த மாதம் முழுவதும் துக்க தேவ இரகசியங்களைத் தியானித்தார்கள். அந்த மகளின் பெயரைச் சின்னவனே ஒவ்வொரு இரவும் சொல்லித் தொடங்குவானாம். அடுத்த நன்றிப் பூசைக்கு அவள் எனக்கு எழுதியபோது, தன் வீட்டுப் பெயர் நான்கோடு ஐந்தாவதாக அந்தப் பெயரும் இருந்தது. நன்றிக் கருத்தும் மரித்தோர் கருத்தும் ஒரே காகிதத்தில்.

இதை நான் எல்லாக் குடும்பங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். ஆபத்தில் தப்பி நன்றிப் பூசை கேட்க வரும்போது, அதே ஆபத்தில் தப்பாதவர் ஒருவரின் பெயரையும் எழுதிக் கொண்டு வாருங்கள். தெரியாவிட்டால் விசாரித்து அறியுங்கள். பெயர் விசாரிக்கப் போகும் அந்த நடையும் பூசையின் ஒரு பங்குதான். இயலுமானால் அவர்கள் வீட்டாரை அழைத்து, பூசையில் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி சொல்ல விட்டுவிட்டேன். அந்நகரின் கத்தோலிக்கப் பேராலயம் தேவ நற்கருணையின் பெயரால் 1905இல் திறக்கப்பட்டது. மாசி 22இல் அதன் முன்கோபுரங்கள் இரண்டும் இடிந்தன. பின்னர் கட்டடம் முழுவதுமே அகற்றப்பட வேண்டியதாயிற்று. அதற்குள்ளே யன்னலொன்றின் அருகில் உட்புறம் நோக்கியிருந்த தேவமாதாவின் சுரூபம், அதிர்ச்சியில் விழாமலும் உடையாமலும் அப்படியே சுழன்று, வெளியே இடிந்த நகரைப் பார்த்தபடி நின்றது. வீதியில் போனோர் அதைக் கண்டு நின்று செபித்தார்கள். அற்புதமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. குலுக்கத்தில் கனமான பொருள் சுழலும் என்று பொறியியலாளர் விளக்குவர். அந்த விளக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கோவிலுக்குள்ளிருந்த தாய் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி நின்றதைக் கண்டு தங்கை சிலுவை அடையாளம் போட்டதிலும் எனக்குக் குறையில்லை.

பின்னதிர்வுகள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்தன. அதே ஆண்டு ஆனி மாதத்திலும் மார்கழியிலும் மீண்டும் பலமாய்க் குலுங்கியது. கிழக்குப் பகுதி நிலம் இனி வீடு தாங்காது என்று அரசாங்கம் தீர்மானித்து, ஏறக்குறைய 8,000 வீடுகளைக் குடியிருப்புக்கு ஆகாதவையாக ஒதுக்கி, விலை கொடுத்து வாங்கி அகற்றியது. தங்கையின் வீடும் அந்த மூதாட்டியின் வீடும் அதற்குள் போயின. ஒரு குடும்பம் நகரின் மேற்குப் பக்கம் போயிற்று. மூதாட்டி வேறோர் ஊரில் தம் சகோதரியிடம் போனார். 2017ஆம் ஆண்டு மாசி 22இல் ஆற்றங்கரையில் மாண்ட 185 பேரின் பெயர்களையும் பளிங்கில் பொறித்த நினைவுச் சுவர் திறக்கப்பட்டது. வருடந்தோறும் அந்நாளில் மக்கள் ஆற்றிலே மலர்களை விடுகிறார்கள். தங்கையின் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். சுவரில் எந்தப் பெயரின் முன் நிற்க வேண்டுமென்று இருவருக்கும் சிறுவயது முதலே தெரியும்.

வீடுகளை அகற்றியவர்கள் வளவுகளில் நின்ற கனிமரங்கள் பலவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். வேலியும் இல்லை, வாசலும் இல்லை. புல்வெளியின் நடுவே மரங்கள் மாத்திரம் நிற்கின்றன. அந்த மூதாட்டியின் அப்பிள் மரமும் நிற்கிறது. மாசி முடிந்து பழுக்கும் காலத்தில் தங்கையும் பிள்ளைகளும் போய் ஒரு பெட்டி நிறையப் பறித்து, அவர் இருக்கும் ஊருக்குக் காரில் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறார்கள்.